வலிக்கு எத்தனை அங்குலம்

என் தங்கையின் கணவர் டெய்லர். வயது அறுபத்தொன்று. அவருடைய கடை நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு அடி. படி சரிந்து இறங்கும் பக்கம் உயரம் நாலே முக்கால் அடிதான் என்பதால், அளவு கொடுக்க வருகிறவர்கள் வாசலை ஒட்டித்தான் நிற்க வேண்டும். உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஓர் இஸ்திரிப் பெட்டி. மேசை இழுப்பறையில் பட்டன்களுக்காக இருபத்து நான்கு அறைகள் கொண்ட தட்டு. அதில் ஐந்து அறைகளில் பட்டன் கிடையாது. ஒன்றில் கிராம்பு, ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் கரித்தூள், ஒன்றில் காய்ந்த எலுமிச்சைத் தோல், ஒன்றில் பஞ்சு. தெருவில் அவருக்குக் கிராம்பு டெய்லர் என்றுதான் பெயர்.

பெயர் வந்தது பதினாறு வருடங்களுக்கு முன்பு. பேன்ட் அளவு கொடுக்க வந்த பஸ் டிரைவர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிரவே மாட்டேன் என்றார். குனிந்த ஆளுக்கு அளவு எடுத்தால் பேன்ட் குனிந்துதான் வரும். அதனால் டெய்லர் வீட்டிலிருந்து ஒரு கிராம்பு எடுத்து வந்து நசுக்கி, வலிக்கிற பல்லில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் டிரைவர் நிமிர்ந்தார். அளவு எடுத்தாயிற்று. மறுநாள் அந்த டிரைவரின் பஸ்ஸில் வந்தவர்களுக்கெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கடைக்குத் துணியோடு வருகிறவர்கள் பாதி, கன்னத்தோடு வருகிறவர்கள் பாதி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. என் தங்கை வேலை பார்ப்பது பல் கிளினிக்கில். எங்கள் கட்டடத்திலிருந்து ஆறு நிமிட நடை. பத்தொன்பது வருடங்களாக அங்கே டோக்கன் கொடுத்து, எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது அவள்தான். டாக்டரம்மா கொடுக்கும் மாதிரி டூத்பேஸ்ட்களை அவள் வீட்டுக்குக் கொண்டு வருவாள். டெய்லர் அவற்றை இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கத்தில் தேய்த்துக் கறை எடுப்பார். பளபளவென்று ஆகிவிடும்.

"பாரு, எவ்வளவு நல்ல சாமான். இதைப் போய் வாயில வைக்கிறாங்களே" என்பார்.

அவர் பல் துலக்குவது உப்பும் கரித்தூளும் கலந்து, விரலால். தங்கை கேட்காத நாள் இல்லை.

"ஊருக்கே வைத்தியம் பாக்குறீங்களே, ஒரு தடவையாவது எங்க டாக்டரம்மாகிட்ட வாயைக் காட்டினா என்ன?"

"உங்க கிளினிக்குக்கு வர்றவங்க போகும்போது ஒரு பல்லு குறைஞ்சு போறாங்க. என் கடைக்கு வர்றவங்க ஒரு பட்டன் கூடுதலா போறாங்க. எது நல்லதுன்னு நீயே சொல்லு."

அவர் பேச்சுக்கெல்லாம் பின்னால் இருந்தது ஒரு பல். மேல்வரிசையில் இடதுபுறத்து முன்பல். அவர் பதினெட்டு வயதில் ஒரு சட்டைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு மெஷின், நான்கு பேருக்கு ஒரு கத்தரி. கத்தரிக்காகக் காத்திருந்தவன் பின்தங்கினான். இவர் காத்திருக்கவில்லை; நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அன்று தொடங்கியது நாற்பத்து மூன்று வருடங்கள் நின்றதில்லை. அந்தப் பல்லின் நுனியில் நூல் உட்காரும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. நூலைக் கொண்டுபோனால் அது தானாகவே பள்ளத்தில் போய் விழும். ஒரு 'டிக்', அவ்வளவுதான். கையில் ஊசியும் துணியும் அப்படியே இருக்கும். சட்டைக்கு ஏழு பட்டன் வைத்து முடிக்க அவருக்கு நான்கு நிமிடம் பத்து விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம், மாதத்தின் மூன்றாம் தேதி, திங்கள்கிழமை காலை, அந்தப் பல் வலிக்கத் தொடங்கியது.

வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகவும் அவருக்கு வழியில்லை. கடித்தால்தான் வலியே. நூலை அறுக்கும்போது முகம் கோணியதைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"லேசா. கிராம்பு வச்சா போயிடும்."

"போகலன்னா?"

"போகும்."

"போகும் போகும்னு பதினாறு வருஷமா சொல்றீங்க. யாருக்காவது போச்சான்னு என்னிக்காவது எழுதி வச்சிருக்கீங்களா? உங்க கடையில கிராம்பு வாங்கினவங்க பாதிப் பேரு அடுத்த வாரம் எங்கிட்ட டோக்கன் வாங்குறாங்க."

எழுதி வைப்பது என்ற பேச்சு வந்ததும் அவர் என் வீட்டுக்கு ஏறி வந்தார். நான் குடிநீர் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் தொட்டியின் நீர்மட்டத்தை மணிக்கொரு தடவை பார்த்து எழுதியவன்.

"மச்சான், நீங்க எழுதுங்க. நீங்க எழுதினா உங்க தங்கச்சி மறுத்துப் பேச மாட்டா. ஒரு மாசம். வீட்டு வைத்தியம் ஒவ்வொண்ணா செஞ்சு பாக்குறேன். கேக்குதுன்னு நோட்டு சொன்னா அவ அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

"கேக்கலன்னு சொன்னா?"

"நான் போய் அந்த நாற்காலியில வாயைத் திறக்கிறேன்."

தங்கை ஒப்புக்கொண்டாள். அவருடைய பயம் எனக்குத் தெரியும். நாற்காலிக்கு அவர் பயப்படவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் பயந்தார். "அது பல்லு இல்ல மச்சான், என் மூணாவது கை" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வலியை எப்படி அளப்பது என்று முதலில் சிக்கல் வந்தது. 'கொஞ்சம்', 'நிறைய' என்றெல்லாம் என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரல்களால் டேப்பில் ஒரு நீளத்தைப் பிடித்துக் காட்டினார்.

"இப்ப இவ்வளவு."

இரண்டரை அங்குலம். வேடிக்கை என்னவென்றால், பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டபோதும் இரண்டரைதான். இடுப்பையும் தோளையும் நாற்பத்து மூன்று வருடம் அளந்த விரல்கள் அவை. கால் அங்குலம் பிசகாது. நான் நோட்டில் கோடு போட்டேன். தேதி, மருந்து, முன், பின், வித்தியாசம். காலையில் ஒரு புதிய மருந்து, மாலையில் கிராம்பு. இரண்டு வேளையும் நானே இறங்கிப் போய் எழுதுவது என்று ஏற்பாடு.

கிராம்பு முதல் நாளே பேர் வாங்கிவிட்டது. முன் இரண்டரை, பின் அரை. குறைந்தது இரண்டு அங்குலம். நாற்பது நிமிடம் தாங்கியது.

"எழுதுங்க மச்சான், நல்லா கொட்டை எழுத்துல எழுதுங்க" என்றார்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததில் அரை அங்குலம் குறைந்தது. ஈறு சிவந்திருந்ததும் சற்றுத் தணிந்தது. இது ஒன்றும் பெரிய வெற்றி இல்லை என்று அவர் நினைத்தார். நான் உள்ளபடி எழுதினேன்.

எண்ணெய் கொப்பளிப்பு பதினைந்து நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டிய சமாச்சாரம். ஏழாம் நிமிடத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்து, "பேன்ட் எப்ப ரெடி?" என்று கேட்டார். டெய்லர் மூன்று விரலைக் காட்டினார். அவர் நினைத்தது மூன்று நாள். வந்தவர் புரிந்துகொண்டது மூன்று மணி. மூன்று மணிக்கு அந்த மனிதர் வந்து நின்று, ஒரு காலுக்கு மட்டும் மடித்துத் தைத்திருந்த பேன்ட்டைப் பார்த்துவிட்டு, "இன்னொரு காலை என்ன பண்ண?" என்று கேட்டார். வலியில் வித்தியாசம்: இல்லை.

பூண்டை நசுக்கி வைத்தது எட்டாம் நாள். வலி ஒன்றே கால் அங்குலம் கூடியது. ஈறு வெந்துபோய்விட்டது. அன்று முழுவதும் வாடிக்கையாளர்கள் வாசலுக்கு வெளியே நின்று அளவு கொடுத்தார்கள். கரித்தூளால் பல் வெளுத்த மாதிரி தெரிந்தது, வலி அப்படியே இருந்தது, ஒரு வெள்ளைச் சட்டையின் காலர் மட்டும் கறுத்தது. எலுமிச்சையும் உப்பும் சேர்த்துத் தேய்த்த அன்று அவர் டேப்பை எடுக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு, மாப்பிள்ளை?"

"டேப்பு பத்தாது."

பிறகு நிதானத்துக்கு வந்து அளந்து கொடுத்தார். இரண்டு அங்குலம் கூடுதல்.

இப்படியே போயிற்று. மாலையானால் கிராம்பு, எந்த நாளும் தவறாமல் இரண்டு அங்குலம் குறைத்தது. இருபத்து மூன்றாம் நாள் வரைக்கும் 'வித்தியாசம்' பகுதியில் கிராம்புக்கு நேரே இரண்டு, இரண்டு, இரண்டு என்றே எழுதியிருக்கிறேன். அவ்வளவு ஒழுங்கான ஒரு மருந்தைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

இருபத்து நான்காம் நாள் காலை நான் இறங்கிப் போனபோது அவர் டேப்பைக் கையில் எடுக்கவில்லை. இரண்டு விரல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார்.

"பூஜ்யமா?"

"பூஜ்யம். தட்டிப் பாத்தேன், கடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல மச்சான். கல்லு மாதிரி நிக்குது."

அன்று அவர் நூலைப் பல்லால் அறுத்தது நாற்பத்தொரு தடவை. அவற்றில் பாதிக்கு அவசியமே இல்லை. தெருவில் போன பஸ் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார், எதிர்க்கடை ஸ்டேஷனரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கிராம்பு அறையில் இருந்தது போதாமல் பக்கத்துப் பட்டன் அறையையும் காலி செய்து நிரப்பினார்.

மதியம் சாப்பிட வந்த தங்கையைக் கடைக்குள் கூப்பிட்டார். அவர் நோட்டை அவள் முன்னால் வைத்தார்.

"படி. சத்தமா படி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். நாங்கள் இருவரும் அதுவரை அதை இடமிருந்து வலமாகத்தான் பார்த்திருக்கிறோம். மருந்து, முன், பின், வித்தியாசம். அவள் டோக்கன் பட்டியல் பார்த்துப் பழகியவள். விரலை 'முன்' என்ற வார்த்தையில் வைத்து, நேரே கீழே இறக்கினாள்.

"இரண்டரை. இரண்டரை. மூணு. மூணே கால். நாலு. அஞ்சு. ஆறே முக்கால்." விரல் நின்றது. "என்ன அண்ணா இது, மாடிப்படி மாதிரி ஏறிக்கிட்டே போகுது?"

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஏறித்தான் போயிருந்தது. இருபத்து மூன்றாம் நாள் எட்டரை. கிராம்பு தினமும் இரண்டு அங்குலம் குறைத்தது உண்மை. ஆனால் அது குறைத்தது நாற்பது நிமிடத்துக்கு மட்டும்தான். அடியில் வலி தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. 'முன்' பகுதியை முழுக்க நானே எழுதியிருக்கிறேன். ஒரு நாளாவது மேலிருந்து கீழே படிக்கவில்லை.

"இப்ப பூஜ்யம் ஆயிடுச்சுல்ல? கடைசியில என்ன நிக்குதோ அதுதானே கணக்கு?" என்றார் டெய்லர்.

"எட்டரைக்கு அப்புறம் எட்டு வரணும், ஏழு வரணும். நேரா பூஜ்யம் எப்படி வரும்?"

அவள் அப்படிக் கேட்டதும் எனக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. நீர்மட்டம் எட்டரை அடியில் இருந்து ஒரே மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு வந்தால், தொட்டி காலி என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. மிதவைக் கயிறு அறுந்துவிட்டதா என்று ஏறிப் போய்ப் பார்ப்பேன். மூன்று தடவை அப்படி நடந்தது, மூன்று தடவையும் கயிறுதான் அறுந்திருந்தது. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் என்னை முறைத்தார்.

"நீங்களும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்களா?"

"எங்க டாக்டரம்மா, வலி ஏறிக்கிட்டே வந்தா கூட அவ்வளவு பயப்பட மாட்டாங்க" என்றாள் தங்கை. "திடீர்னு நின்னுபோச்சுன்னு சொல்றவங்களைத்தான் வரிசையை விட்டு முன்னாடி அனுப்பச் சொல்வாங்க. இப்படி வாங்க, கண்ணாடிகிட்ட. உதட்டைத் தூக்குங்க."

அளவு பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி முன்னால் அவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பல்லுக்கு மேலே ஈறில், பாசிப்பயறு அளவுக்கு ஒரு கொப்புளம்.

"கொசு கடிச்சிருக்கும்" என்றார்.

"வாய்க்குள்ள போய்க் கடிக்கிற கொசுவா?"

அவர் உதட்டை விட்டார். டேப்பை மடித்து மேசையில் வைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நோட்டை நான் எடுத்துக்கொண்டேன். மூவரும் கிளினிக்குக்கு நடந்தோம்.

வரிசையை விட்டு முன்னால் அனுப்புவதாகத் தங்கை சொன்னாள். அவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரையும் போல டோக்கன் வாங்கினார். பதினேழு. அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் அவரிடம் கிராம்பு வாங்கியவர்கள். ஒருவர் எழுந்து, "வாங்க டெய்லர், யாருக்கு அளவெடுக்க வந்தீங்க?" என்று இடம் கொடுத்தார். டெய்லர் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தார்.

"பதினேழு" என்று கூப்பிட்டாள் தங்கை.

அவர் எழவில்லை.

"பதினேழாம் நம்பர், உங்களைத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து உள்ளே போனார். நானும் நோட்டோடு போனேன்.

டாக்டரம்மா முதலில் பல்லைப் பார்த்தார், தட்டினார், ஏதோ குளிர்ந்த பஞ்சை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் டெய்லர். எக்ஸ்ரே எடுத்தார். அதன் பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் விடாமல் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நல்லா அளந்திருக்கீங்க" என்றார். "இதுல எதுவும் பொய் இல்ல. கிராம்புல மரத்துப்போகச் செய்யிற எண்ணெய் இருக்கு, அதான் குறைஞ்சது. உப்புத் தண்ணி ஈறுக்கு நல்லதுதான், இனிமேலும் பண்ணுங்க. எண்ணெய் கொப்பளிக்கிறதால கெடுதல் இல்ல, ஆனா துலக்குறதுக்குப் பதிலா ஆகாது. கரியும் எலுமிச்சையும் பல்லைத் தேய்ச்சிடும், விட்டுடுங்க. பூண்டு ஈறைச் சுட்டுடும், அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா இதுல ஒண்ணு கூட ஓட்டையை அடைக்காது. நூலை இழுத்து இழுத்து அந்தப் பல்லுல கீறல் விழுந்திருக்கு. அது வழியா கிருமி உள்ள போயிடுச்சு. நேத்து வரைக்கும் உள்ள இருந்த நரம்பு கத்திக்கிட்டு இருந்தது. இன்னிக்கு அது செத்துப்போச்சு, அதான் வலி இல்ல. சீழ் இருக்கு."

டெய்லர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"பிடுங்கிடுவீங்களா?"

"காப்பாத்தலாம். ரூட் கெனால் பண்ணி, மேல கேப் போட்டுடலாம். மூணு தடவை வரணும். பல்லு நிக்கும்."

அவர் முகத்தில் உயிர் வந்தது. எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா நூல் கடிக்கக் கூடாது."

"கொஞ்ச நாளைக்கா?"

"எப்பவும்."

"மத்ததெல்லாம் கடிக்கலாமா?"

"மெதுவா, பாத்து. ஆனா நூல் கூடவே கூடாது. செத்த பல்லு உடையும்."

அவர் மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப அது எனக்கு எதுக்கு, டாக்டர்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

"சாப்பிட. பேச. சிரிக்க."

"சிரிக்கிறதுக்கு மத்த பல்லு இருக்கே."

"நடுவுல ஓட்டையோட சிரிச்சா வாடிக்கையாளர் பேன்ட்டைத் திரும்ப வாங்கிட்டுப் போயிடுவார். எடுக்கணும்னாலும் எடுத்துடலாம். ஒரே நாள்ல முடிஞ்சிடும். உங்க இஷ்டம்."

அவர் எழுந்து கதவருகே போனார். வெளியே டோக்கன் மேசையில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் பல்லைப் பற்றி அவளிடம் அவர் அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நூல் கடிக்கக் கூடாதாம்" என்றார். "வச்சுக்கலாமா, வேண்டாமா? நீ சொல்லு."

அவள் பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட வாயெடுத்தவள், நிறுத்தினாள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக் காட்ட அதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைத்திருக்காது. அவள் சொல்லவில்லை.

"வேலை செஞ்சது போதும்ங்க அது. சும்மா இருக்கட்டும். வச்சுக்கோங்க."

அவர் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

மூன்று தடவைகளும் சொன்ன தேதியில் போய் வந்தார். கேப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. கேப் முன்பல்லை மூடியதால் பள்ளம் இல்லை. முதல் வாரம் முழுவதும் நூல் வாய்வரைக்கும் போகும், உதட்டருகே நிற்கும், அவர் கண் மட்டும் வாசலைப் பார்க்கும். பிறகு கத்தரியைத் தேடுவார். துணிக்கு அடியில், மெஷினுக்கு அடியில், தன் மடியில். ஏழு பட்டனுக்கு இப்போது ஆறு நிமிடம் நாற்பது விநாடி. டூத்பேஸ்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டிக்கென்று தனியாக ஒரு டியூப் வைத்திருக்கிறார், அதை விடவில்லை.

கரித்தூள் அறையிலும் எலுமிச்சைத் தோல் அறையிலும் இப்போது பட்டன் இருக்கிறது. கிராம்பு அறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போன வியாழக்கிழமை நான் கடையில் இருந்தபோது, பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் ஒரு சட்டையோடும் வீங்கிய கன்னத்தோடும் வந்தார். டெய்லர் இழுப்பறையைத் திறந்து இரண்டு கிராம்பு எடுத்துக் கொடுத்தார்.

"நசுக்கி வச்சுக்கோங்க. இது நாற்பது நிமிஷம் தாங்கும். கிளினிக் ஆறு நிமிஷ நடை. மிச்சம் முப்பத்தி நாலு நிமிஷம் வரிசையில உக்காரலாம்."

"கிளினிக்கா? நீங்க இதுலயே குணமாகும்னு சொல்வீங்களேண்ணே."

"சொன்னேன். எங்க மச்சான் எழுதி வச்சிருக்கார், வேணும்னா வாங்கிப் படிங்க. படிக்கிறதுன்னா மேல இருந்து கீழ படிக்கணும்." சட்டையை வாங்கி, விழுந்த பட்டன்களை எண்ணினார். "நீங்க போய்ட்டு வாங்க. வர்றதுக்குள்ள மூணு பட்டனையும் வச்சிடறேன். கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், இந்தக் கத்தரியைக் காணோம்."